கடைசிக் கொக்கியில் இருந்த பச்சை ஜாக்கெட்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ல, ள, ழ மூன்றும் எனக்கு எப்போதும் தகராறு. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பதும் உறுதியாகத் தெரியாது. பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஷார்ஜாவில் முவைலா என்கிற இடத்தில் என்னோடு ஒரே ரூமில் இருக்கிற பால்பாண்டிதான் இதை எழுதச் சொன்னான். "அண்ணாச்சி, வாயால சொன்னா பாதிய முழுங்கிருவிய. எழுதிப் போடுங்க, அப்பமாவது முழுசா வரும்" என்றான். அவன் சொல்வது சரிதான். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது.

பேய், ஆவி இதையெல்லாம் நான் நம்பியவன் இல்லை. எனக்குத் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் எங்கள் தெருவிலேயே பலர். அவர்களில் யாரும் வந்து கதவைத் தட்டியதாக நான் கேட்டதில்லை. செத்தவர்களுக்குக் கோயிலில் பூசை வைப்போம், கல்லறையில் மெழுகுவர்த்தி கொளுத்துவோம், அதோடு சரி. அந்த மாதிரி ஆள் நான். இப்போது இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

அப்போது எனக்கு வேலை துபாய் அல் கூஸில், ஒரு பெரிய ஃப்ரீசர் கோடவுனில். உறைந்த கோழி, மீன், உருளைக்கிழங்கு எல்லாம் கண்டெய்னரில் வந்து இறங்கும், நாங்கள் அடுக்கி வைத்து மறுபடி லாரியில் ஏற்றுவோம். ஜூன் மாதத்தில் வெளியே இரும்புக் கதவைத் தொட்டால் கை வெந்துபோகும், ஒரு எட்டு உள்ளே வைத்தால் மைனஸ் இருபது. அந்தக் கதவுக்கு வெளியே சுவரில் வரிசையாகக் கொக்கிகள் அடித்திருக்கும். ஒவ்வொரு கொக்கிக்கு மேலும் ஒருவன் பெயர். உள்ளே போகிறவன் தன் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொள்வான், வெளியே வந்ததும் அதே கொக்கியில் மாட்டுவான். கொக்கி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். எல்லாக் கொக்கியும் நிறைந்திருந்தால்தான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடலாம். ஜாக்கெட் இல்லாமல் அங்கே எவனும் நிற்க மாட்டான் என்பதால் இந்த வழக்கம் ஒருநாளும் தப்பியதில்லை. கதவுப் பொறுப்பு என்னுடையது.

கடைசிக் கொக்கிக்கு மட்டும் பெயர் இல்லை. அதில் ஒரு பழைய பச்சை ஜாக்கெட் தொங்கும். எங்களுக்கெல்லாம் கம்பெனி கொடுத்தது நீலம். இந்தப் பச்சை யாருடையது, எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஜிப் போய்விட்டது, தோளில் தூசி படிந்திருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படியே தொங்கியது.

குலாம் எனக்குப் பக்கத்துக் கொக்கிக்காரன். பாகிஸ்தானின் வடக்கே, பனிமலைக்குக் கீழே கடைசி ஊர் அவனுடையது. எனக்கும் அவனுக்கும் நடுவில் இருந்தது உடைந்த இந்தி மட்டும். அவனும் அதிகம் பேச மாட்டான், நானும் பேச மாட்டேன், அதனாலேயே எங்களுக்கு ஒத்துப்போனது. நான் மீன்குழம்பு கொண்டுபோவேன், அவன் ஊரிலிருந்து கொண்டுவந்த காய்ந்த ஆப்ரிகாட் பழம் தருவான். கொட்டையை உடைத்து உள்ளே இருக்கும் பருப்பையும் தின்ன வேண்டும் என்று காட்டிக்கொடுத்தவன் அவன்தான்.

அப்படித் தின்றுகொண்டிருந்த ஒரு நாள் அவன் அண்ணனைப் பற்றிச் சொன்னான். பெயர் ஹைதர். மலையேற வரும் வெள்ளைக்காரர்களுக்குச் சுமை தூக்குகிறவன். பல வருடங்களுக்கு முன்னால் சுமையை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது பனியாற்றில் எங்கேயோ விழுந்துவிட்டான். பனியாறு என்றால் தண்ணீர் இல்லை, மலைமேலிருந்து இறங்கி உறைந்து கிடக்கும் ஐஸ். ஆள் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த கோடையில் கீழே ஓடும் ஆறு ஒரு பிளாஸ்டிக் ஷூவைக் கொண்டுவந்து போட்டது. வலது கால் ஷூ. கிழிந்த இடத்தில் சிவப்பு நூலால் அண்ணி தைத்திருந்ததால் அடையாளம் தெரிந்தது. அந்த ஒற்றை ஷூவைத்தான் கபரில் வைத்து மூடினார்கள்.

"அண்ணி இன்னும் அங்க போக மாட்டேங்குறாங்க. செருப்பைப் புதைச்ச எடத்துல நான் ஏன் அழணும்னு கேக்குறாங்க" என்றான் குலாம். அவன் இந்தியில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

எங்கள் மேனேஜர் சமீர் சார் ஜோர்டான்காரர். நல்ல மனிதர். லீவு கிடைத்தால் மலையேறப் போய்விடுவார். அந்த வருடம் அவரும் அவருடைய இரண்டு சிநேகிதர்களும் போவதாக இருந்த மலை குலாமின் ஊருக்கு மேலே இருந்தது. அதன் பெயர் என் வாயில் நுழையாது. இது தெரிந்ததும் குலாமையும் கூட வரச் சொன்னார். சம்பளத்தோடு லீவு. ஊருக்குப் போன மாதிரியும் ஆச்சு என்று இவனும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டான்.

போவதற்குச் சில வாரம் இருக்கும்போது மலைமேல் ஒரு ஏரி உடைத்துக்கொண்டு, எல்லோரும் போகிற வழியை அடித்துப்போனது. பாலமும் இல்லை, ஜீப் போகும் ரோடும் இல்லை. அந்த வருடம் விட்டுவிடலாம் என்று ஒரு சிநேகிதர் சொன்னாராம். சமீர் சாருக்கு மனசு வரவில்லை. குலாமின் ஊர் வழியாகப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஏறி, ஒரு கணவாயைத் தாண்டி, மலையின் பின்பக்கமாகப் போய்ச் சேர வேறு வழி இருந்தது. அந்த வழியில் ஒரே ஒரு சந்தேகம்தான். ஓர் இடத்தில் பெரிய கறுப்புப் பாறை ஒன்று நிற்கிறது. பனியாறு அதில் மோதி இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் இறங்குகிறது. ஏறுகிறவர்கள் இடது பக்கம் போவதா, வலது பக்கம் போவதா. ஹைதர் காணாமல் போனது அந்தப் பாறைக்கு அருகில்தான். எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது.

சார் கம்ப்யூட்டரில் காட்டிய சாட்டிலைட் படத்தில் இடது பக்கம் வெள்ளைத் துணி விரித்த மாதிரி சுத்தமாக இருந்தது. வலது பக்கம் கல்லும் அழுக்கும். சமீர் சாருக்கு இடது பக்கம் பிடித்திருந்தது. குலாமுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, லோடு இல்லாத நாள், சமீர் சார் கூடாரத்தையும் தூங்கும் பையையும் எடுத்துக்கொண்டு கோடவுனுக்கே வந்துவிட்டார். குளிரில் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். கதவுக்கு நான், ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட பால்பாண்டி, கூட குலாம். பால்பாண்டி அப்போதே ஆரம்பித்துவிட்டான்.

"துபாய்ல காசு குடுத்து ஏசி போடுறானுவ, இவரு காசு குடுத்து மலைக்குப் போயி ஐஸுல படுக்கப் போறாரு. நமக்கு அந்த ஐஸு சும்மாவே கெடைக்கு, அதுக்கு ஒரு தேங்க்ஸ் சொன்னியளா அண்ணாச்சி."

கோடை காலத்தில் ஃப்ரீசர் கதவைத் திறக்கத் திறக்க உள்ளே தரையிலும் சுவரிலும் உறைபனி வெள்ளையாகப் படிந்துகொண்டே இருக்கும். அதை ஷவலால் சுரண்டி அள்ளுவது எங்கள் அன்றாட வேலை. அன்று அள்ளியதைக் கொட்ட வேண்டாம் என்று குலாம் சொன்னான். கோழி அட்டைப்பெட்டிகளை மலைபோல அடுக்கி, மேலே அந்தப் பனித்தூளைக் கொட்டி, அவன் ஊர் மலையையே தரையில் செய்துவிட்டான். கறுப்புப் பாறைக்கு ஒரு பழைய பேட்டரியைக் கவிழ்த்து வைத்தான். மிச்சத் தூளைச் சுற்றிலும் பரப்பினான். சமீர் சார் முட்டிபோட்டு உட்கார்ந்து குழந்தைபோலப் பார்த்தார். குலாம் இடது பக்கத்தையே வெகுநேரம் பார்த்தான். பிறகு விரலால் மெதுவாக அழுத்தினான். மேலே வழவழப்பாக இருந்தது பொலுக்கென்று உள்ளே போய்விட்டது, அடியில் இரண்டு பெட்டிக்கு நடுவே வெறும் இடைவெளி.

"சார், ரைட்ல போலாம். ஒரு நாள் கூட ஆகும். கல்லு கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது" என்றான்.

சமீர் சார் யோசித்தார். "ஓகே. ரைட். கலாஸ், முடிஞ்சது" என்றார். அப்படித்தான் வழி முடிவானது. என் இரண்டு காதாலும் கேட்டேன்.

எல்லோரும் வெளியே வந்தோம். ஜாக்கெட்டுகளை மாட்டினோம். நான் கொக்கிகளைப் பார்த்தேன், எல்லாம் நிறைந்திருந்தது, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். லோடிங் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தோம். பட்டப்பகல். வெயிலில் கண் கூசியது.

அப்போது பெல் அடித்தது. ஃப்ரீசருக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்கு உள்ளே ஒரு சிவப்பு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் வெளியே அடிக்கும் பெல்.

நான் கொக்கிகளைப் பார்த்தேன். நிறைந்திருந்தது. ஆட்களைப் பார்த்தேன். எல்லோரும் என் முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஈரத்துல ஷார்ட் ஆயிருக்கும். சாப்பிடுங்க அண்ணாச்சி" என்றான் பால்பாண்டி.

அது நின்றது. மறுபடி அடித்தது. இந்தத் தடவை விட்டுவிட்டு அடித்தது. கையை எடுத்து எடுத்து அழுத்தினால்தான் அப்படி வரும். சமீர் சார் போனில் பேசிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் எழுந்தேன், குலாமும் கை கழுவிவிட்டுக் கூட வந்தான். கதவைத் திறந்ததும் வழக்கம்போல வெள்ளைப் புகை முகத்தில் அடித்தது. பெல் நின்றுவிட்டது. உள்ளே யாரும் இல்லை.

தரையில் கால்தடம் இருந்தது. எங்கள் தடம் எனக்குத் தெரியும், சேஃப்டி ஷூவில் கட்டம் கட்டமாக விழும். இது வேறு தடம், உள்ளே கடைசியில் இருக்கும் சுவரிலிருந்து புறப்பட்டிருந்தது. அங்கே கதவு கிடையாது, வெறும் சுவர். அங்கிருந்து நேராகக் குலாம் செய்த மலைக்கு வந்திருந்தது. இடது கால் மொழுக்கென்று அடிபாகம் உள்ள ஷூ. வலது கால் வெறுங்கால், ஐந்து விரலும் தெரிந்தது. எங்கள் ஊர் ஐஸ் கம்பெனியில் சின்ன வயதில் பாளம் உடைத்தவன் நான். ஐஸில் வெறுங்கால் பட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வரும். அந்த மைனஸ் இருபதில் ஒருவன் வெறுங்காலோடு அவசரமே இல்லாமல் நடந்து வந்திருந்தான்.

தடம் பேட்டரிக்கு இடது பக்கத்தில் முடிந்தது. இரண்டு காலும் சேர்ந்து நின்ற மாதிரி. திரும்பிப் போன தடம் இல்லை.

நான் அந்தோணியாரைக் கூப்பிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டேன். குலாம் பக்கத்தில் போனான். குனிந்து அந்த வெறுங்கால் தடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தான். பிறகு ஷவலை எடுத்து, சுவர்வரைக்கும் எல்லாவற்றையும் நிதானமாக அழித்தான்.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னான், "லெஃப்ட்லதான் போகணும்."

"குலாம் பாய், வேண்டாம். அவரு நிக்கிற எடத்துக்கு வராதேன்னு சொல்லத்தான் வந்திருக்காரு."

"நான் வேற வழில போறேன்னு முடிவு பண்ணின உடனே வந்திருக்கான், சூசை பாய். இங்கதான் இருக்கேன்னு காட்டுறான். அண்ணன் இருக்கிற எடம் தெரிஞ்ச பிறகு அவனை விட்டுட்டுச் சுத்திப் போகச் சொல்றியா? அண்ணிக்கு நான் என்ன சொல்றது?"

நான் கொக்கிகள் பக்கம் திரும்பினேன். ஒன்றை அப்போதுதான் கவனித்தேன். கடைசிக் கொக்கியில் இருந்த பச்சை ஜாக்கெட்டின் தோளில் தூசி இல்லை. தூசி இருந்த இடத்தில் வெள்ளையாக உறைபனி, யாரோ போட்டுக்கொண்டு உள்ளே போய்வந்த மாதிரி. அந்த வெயிலில் அது உருகி, சட்டைக் கையின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. குலாமுக்குக் காட்டினேன். அவன் பார்த்தான், தலையை ஆட்டினான், அவ்வளவுதான்.

இடது பக்கமே நல்லது என்று குலாமே போய்ச் சொன்னதும் சமீர் சாருக்குச் சந்தோஷம். அவர் முதலில் நினைத்ததும் அதுதானே. மறுநாள் நான் ஆபீஸ் வாசலில் வெகுநேரம் நின்று, கடைசியில் உள்ளே போய், "சார், லெஃப்ட் வேண்டாம்" என்றேன். ஏன் என்று கேட்டார். குலாமின் அண்ணன் வந்துபோனான் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் தோளில் கைவைத்து, ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். வெயில் அதிகம், இரண்டு நாள் ரெஸ்ட் எடு என்றார். குலாமைக் கூப்பிட்டும் கேட்டிருக்கிறார். அப்படி எதுவும் இல்லை என்று அவன் சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகு குலாம் என்னோடு பேசவில்லை. புறப்படுகிற அன்றுதான் வந்தான். தன் நீல ஜாக்கெட்டைத் தட்டி உதறி, அவன் பெயருக்குக் கீழே மாட்டினான்.

"யாருக்கும் குடுத்துராத. வந்து எடுத்துக்குறேன்."

"பாய், ரைட்ல போ."

"யல்லா, கெளம்புறேன் சூசை பாய். மீன்குழம்பு வச்சிரு."

சமீர் சார் ஆகஸ்டில் திரும்பி வந்தார். பனியின் குளிரில் இரண்டு விரல்நுனி கறுத்திருந்தது. என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். கறுப்புப் பாறையைத் தாண்டி இடது பக்கம் ஏறியிருக்கிறார்கள். எல்லோரும் ஒரே கயிற்றில், முன்னால் குலாம். காலை நேரம், லேசான மூடுபனி. குலாம் நின்றிருக்கிறான். "அங்க ஒருத்தன் கையை ஆட்டுறான்" என்று சொல்லியிருக்கிறான். இவர்களுக்கு யாரும் தெரியவில்லை. இவர் வேண்டாம் வேண்டாம் என்று கத்துவதற்குள் இடுப்புக் கயிற்றைக் கழற்றிவிட்டு நடந்திருக்கிறான். சத்தமே வரவில்லையாம். பனியில் ஒரு ஓட்டை மட்டும். உள்ளே விளக்கடித்தால் நீலமாக இறங்கிக்கொண்டே போனதாம். நாள் முழுவதும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வலது பக்கமாகக் கல்லின் மேல் இறங்கி வந்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஒரு குழந்தைகூட நடக்கலாம் என்றார்.

பிறகு கேட்டார், "சூசை, அன்னைக்கு அவன் அண்ணன் கையை ஆட்டினானா?"

"தெரியாது சார். கால் மட்டும்தான் பார்த்தேன்" என்றேன்.

அவர் அதன்பிறகு எந்த மலைக்கும் போகவில்லை. கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டார்.

வா என்று கையை ஆட்டினானா, வராதே என்று ஆட்டினானா. இதைத்தான் நான் இன்றுவரை யோசிக்கிறேன்.

குலாம் இடத்துக்கு வந்த புது ஆளுக்குப் புது ஜாக்கெட், புதுக் கொக்கி கேட்டு வாங்கிக் கொடுத்தேன். குலாமின் கொக்கியை யாரையும் தொட விடவில்லை. ஆனால் பல நாள் காலையில் நான் போய்ப் பார்க்கும்போது தரையில் இரண்டு இடத்தில் தண்ணீர் நிற்கும். குலாம் கொக்கிக்குக் கீழே ஒன்று, பச்சை ஜாக்கெட்டுக்குக் கீழே ஒன்று. கதவு இடுக்கில் கசிகிறது என்று பால்பாண்டி சொல்வான். எனக்கும் அப்படி நினைத்துக்கொள்ள ஆசைதான். கதவைச் சாத்துமுன் ஒவ்வொரு தடவையும் உள்ளே பார்த்து "குலாம் பாய்" என்று ஒரு குரல் கொடுப்பேன். பெல் மறுபடி அடித்ததே இல்லை.

இந்த மாதம் கம்பெனி வேறு இடத்துக்கு மாறியது. பழைய ஃப்ரீசரை அணைத்துவிட்டார்கள். கொக்கிகளைக் கழற்றும்போது பழைய ஜாக்கெட்டையெல்லாம் குப்பையில் போடச் சொன்னார்கள். நான் அந்த இரண்டை மட்டும் எடுத்து வந்து இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் காயப் போட்டேன். அப்பளம் போலக் காய்ந்துவிட்டது. நேற்று ரூமில் என் கட்டிலுக்கு மேலே ஆணியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன். இங்கே ஃப்ரீசர் கிடையாது. அந்தச் சுவரில் பைப்பும் கிடையாது. ஏசியும் எதிர்ச்சுவரில் இருக்கிறது.

இன்று காலை எனக்கு முன்னால் எழுந்தது பால்பாண்டி. கட்டிலுக்கு அடியில் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தான். என்னல செய்ற என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிறவன், இன்று அதை விட்டுவிட்டான். துணியை வாளியில் பிழிந்துவிட்டு, என் கையைப் பிடித்து அந்தத் தண்ணீருக்குள் வைத்தான். ஜூலை மாதம், குழாயில் வரும் தண்ணீரே கையைச் சுடும். வாளியில் இருந்தது விரலை மரத்துப்போகச் செய்தது.

"எழுதிருங்க அண்ணாச்சி. இன்னைக்கே எழுதிருங்க" என்றான்.

எழுதிவிட்டேன். ஜூலை 20.